புறவழிச்சாலை வந்தால் ஊட்டிக்கு நேரம் குறையுமா, கோத்தகிரி நிலம் விலை ஏறுமா?

கட்டபெட்டு_வாசி

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம், கட்டபெட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே அப்பா பெயரில் 62 செண்ட் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு வரும் காசு பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. விற்பதா, வைத்திருப்பதா என்று வீட்டில் பேச்சு.

ஒரு புரோக்கர் "ரெண்டு வருஷம் பொறுங்க, டபுள் ஆகும்" என்கிறார். இன்னொருவர் "இதை வித்துட்டு கூடலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் போடுங்க, இல்லைன்னா நரசிம்மநாயக்கன்பாளையத்துல சைட் போடுங்க" என்கிறார். இருவரும் காட்டும் காரணம் ரோடுதான்: பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வே, கோவை மேற்குப் புறவழிச்சாலை, அவிநாசி ரோடு மேம்பாலம்.

இந்த ரோடுகளால் மலைக்கு வரும் நேரம் உண்மையில் எவ்வளவு குறைகிறது? அது நிலத்தின் விலையில் எங்கே வந்து நிற்கும்: மலை மேலா, அடிவாரத்திலா, கூடலூரிலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாறு_கொண்டைஊசி

மூணு ரோட்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மூணும் வேற வேற திசை ஆளுங்களுக்கு.

பெங்களூரு–மைசூரு ரோடு 119 கி.மீ., 2023 மார்ச் 12-ல திறந்தது. நடுவுல ஆறு வழி, ரெண்டு ஓரத்துலயும் சர்வீஸ் ரோடு. பிடதி, ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கபட்டணா எல்லாத்தையும் ஊருக்கு வெளியிலயே சுத்திட்டுப் போகுது. முன்னே மூணு மணி நேரம் பிடிச்சது, இப்ப பெங்களூர் ஓரத்துல கெங்கேரி தாண்டினா ஒண்ணரை மணி நேரம். காருக்கு ஒண்ணரை மணி நேரம் மிச்சம், அதுல சந்தேகமில்லை. ஆனா 100-க்கு மேல அழுத்தினா கேமரா பிடிக்கும். பைக்குக்கு ஒண்ணும் மிச்சமில்லை, 2023 ஆகஸ்ட் 1-லிருந்து பைக், ஆட்டோ, டிராக்டர் மெயின் வழியில ஏறக் கூடாது.

மைசூருக்கு இந்தப் பக்கம் பழைய கதைதான். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, கூடலூர் வழியா ஊட்டிக்கு சுமார் 160 கி.மீ. காட்டுக்குள்ள முழுக்க வேகத்தடை, கூடலூர்ல இருந்து 50 கி.மீ. மலை ஏத்தம். நாலு, நாலரை மணி நேரம் வேணும். ஆக மொத்தம் ஏழரை மணிப் பயணம் ஆறாகியிருக்கு. அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, "பாதியாயிடுச்சு"ங்கறது புரோக்கர் கணக்கு. மசினகுடி, கல்லட்டி வழியா வந்தா 30 கி.மீ.க்கு மேல மிச்சம்தான். ஆனா அந்த 36 கொண்டை ஊசியில வெளியூர் வண்டி ஏறலாம், இறங்க விடமாட்டாங்க.

இன்னொண்ணு, பந்திப்பூர் கேட். ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைக்கும் மூடல், 2009-லிருந்து இதான் நடைமுறை. எக்ஸ்பிரஸ்வேல சம்பாதிச்ச நேரத்தை வெச்சு அதிகாலையில கிளம்பறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல மேலுகாமனஹள்ளி செக்போஸ்ட்ல வந்து நிக்கறாங்க. ஆறு மணிக்கு கேட் திறந்ததும் அந்த வரிசை அப்படியே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லை கக்கநல்லாவுல இ-பாஸ் (நீலகிரிக்குள்ள வர ஆன்லைன்ல வாங்கற அனுமதி) பார்க்க மறுபடி நிக்குது. உண்மையான லாபம் சாயங்காலக்காரருக்கு. முன்னே மதியம் மூணு மணிக்குள்ள பெங்களூரை விட்டாத்தான் கேட்டைப் பிடிக்கலாம், இப்ப அஞ்சு மணிக்குக் கெங்கேரி தாண்டினாலும் எட்டரைக்குப் பந்திப்பூர் வந்துடலாம். டிராஃபிக்ல மாட்டினா குண்டல்பேட்டையில ரூம்தான்.

அடுத்தது கோவை மேற்குப் புறவழி. மதுக்கரை பக்கம் மைல்கல்ங்கற இடத்துல இருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரைக்கும் 32.43 கி.மீ., மூணு கட்டம். முதல் கட்டம் மைல்கல்–மாதம்பட்டி 11.8 கி.மீ. இதுல லாபம் பாலக்காடு, கொச்சி பக்கத்து வண்டிக்கு. இப்ப அவங்க உக்கடத்துல நுழைஞ்சு ஊருக்குள்ள நீந்தி மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடிக்கணும், கூட்ட நேரத்துல ஒண்ணேகால் மணி நேரம் ஓடிடும். மூணு கட்டமும் முடிஞ்சா நாப்பது நிமிஷத்துல வரலாம். ஆனா முதல் கட்டம் மட்டும் திறந்தா ஊட்டிக்காரருக்குப் பிரயோஜனம் ரொம்பக் கம்மி. மாதம்பட்டியில இறங்கினா மறுபடி ஊருக்குள்ளதான் வரணும்.

அவிநாசி ரோடு மேம்பாலத்தை இந்தக் கணக்குல சேர்க்கவே வேண்டாம். 10.1 கி.மீ., கோல்ட்வின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம், 2025 அக்டோபர்ல திறந்தது. நல்ல பாலம், ஆனா கோவைக்குள்ள போறவங்களுக்கு. சேலம், சென்னைப் பக்கமிருந்து ஊட்டி வர்றவங்க அவிநாசியிலயே திரும்பி அன்னூர் வழியா மேட்டுப்பாளையம் வந்துடறாங்க. அவங்களுக்கு அன்னூர் ரோட்டை நாலு வழியாக்கறதுதான் முக்கியம். உங்க புரோக்கர் அதைச் சொல்லலைன்னா அவருக்கே ரூட் தெரியலை.

இப்ப மெயின் விஷயம். கோணி எவ்வளவு பெரிசா இருந்தாலும் வாய் கட்டின அளவுக்குத்தான் கொட்டும். மேட்டுப்பாளையத்துல பவானிப் பாலம் தாண்டினதும் ரெண்டு ரோடு: குன்னூருக்கு ஒண்ணு, கோத்தகிரிக்கு ஒண்ணு. ரெண்டும் ரெண்டு வழிச்சாலை. வளைவு அதிகமுள்ள மலையில ரெண்டு வழிச்சாலைக்கு ஒரு நாளைக்கு 5,000 கார், வளைவு கம்மின்னா 7,000 கார்ங்கறதுதான் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெச்சிருக்கற அளவு. பஸ், லாரி ஒவ்வொண்ணும் மூணு காருக்குச் சமம். 2025 சீசனுக்குக் கோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாள்ல 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டிக்குத்தான் இ-பாஸ். இது எல்லா வழிக்கும் சேர்த்துத்தான், ஆனாலும் பெரும்பகுதி குன்னூர் ரோட்டுல ஏத்தம் தொடங்கற கல்லாறு வழியாத்தான் ஏறும். உள்ளூர் வண்டி, அரசு பஸ், காய்கறி லாரி எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. மணிக்கு 400 வண்டி ஏற முடியற மலையில, புது ரோட்டு புண்ணியத்துல 600 வண்டி ஒரே மணி நேரத்துல வந்து சேருது. 200 வண்டி பாக்கி, கடைசி வண்டி அரை மணி நேரம் நிக்கும். கீழே மிச்சம் பிடிச்ச அரை மணி நேரம் கல்லாறுல போச்சு. சீசன்ல குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா இறக்கம்னு ஒருவழி ஆக்கறதும் இதனாலதான். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில புது ரோட்டு நேரம் முழுசாக் கிடைக்கும். சனிக்கிழமை கிடைக்காது. மலையில வீடு வாங்கறவன் வர்றது சனிக்கிழமை.

கிரயம்_பார்ப்பவர்

நேரக் கணக்கை மேலே நண்பர் சொல்லிவிட்டார். நிலத்துக்கு வருகிறேன்.

கூடலூர் யோசனையை முதலில் ஓரம் கட்டுங்கள். இரண்டு ஏக்கர் மலிவாக வருகிறது என்றால், அது 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் (ஜன்மி நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-க்குள் வரும் நிலமா என்று பாருங்கள். அனுபவம் இருக்கும், வீடு இருக்கும், காப்பியும் மிளகும் இருக்கும், பட்டா இருக்காது. வெறும் கைமாற்றுக் காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்தால் வங்கிக் கடன் கிடைக்காது, மின் இணைப்புக்கும் இழுபறி. பட்டா இருந்தாலும் அடுத்த கேள்வி, அது 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்பது. அப்படியானால் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதியில்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் என்றால் சீகூர் யானை வழித்தடம். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதி செய்துவிட்டது. பெங்களூரிலிருந்து எத்தனை வழிச்சாலை வந்தாலும் இந்த மூன்றும் மாறப்போவதில்லை.

இரண்டாவது, புறவழிச்சாலையை ஒட்டிய இடம். வரைபடத்தில் ரோட்டுக்குப் பக்கம் என்பதும், ரோட்டில் ஏறி இறங்க முடியும் என்பதும் வேறு வேறு. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலையில் சந்திப்புகளில் மட்டும்தான் ஏறலாம். இரண்டு சந்திப்புக்கு நடுவில் இருக்கும் நிலத்துக்குச் சத்தமும் தூசியும்தான் மிச்சம். அந்தப் பக்கம் இருந்த கிணற்றுக்குச் சுற்றிக்கொண்டு போகவேண்டியும் வரலாம். மேற்குப் புறவழியில் விலை ஏறுவது சிறுவாணி ரோடு, தொண்டாமுத்தூர் ரோடு, மருதமலை ரோடு, தடாகம் ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு ஆகியவை அதைத் தொடும் இடங்களில்தான். தேசிய நெடுஞ்சாலை ஓரம் என்றால் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டக் கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு. ரோட்டோரமாக 20 செண்ட் வாங்குகிறவர் பலர் இதைக் கழித்துப் பார்ப்பதில்லை.

அதோடு, கோவை மேற்கு அடிவாரக் கிராமங்கள் பல ஹாகா பட்டியலில் இருக்கின்றன. நம் மலையில் இருக்கும் அதே மலையிடப் பாதுகாப்புக் குழுமம்தான். ரோடு போட அரசுக்கு அனுமதி கிடைத்தது என்பதற்காகப் பக்கத்து நிலத்தில் மனை பிரிக்க அனுமதி கிடைத்துவிடாது. அங்கே "ஹாகா அப்ளை பண்ணியிருக்கு" என்று சொல்லி விற்கும் சைட்டை வாங்காதீர்கள். உத்தரவு எண்ணும் நகரமைப்புத் துறை மனைப்பிரிவு ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானதாக இல்லாவிட்டால் பதிவுச் சட்டம் 22-ஏ குறுக்கே வரும், பதிய மாட்டார்கள். இதைச் சுற்றிப்போக "பிரிபடாத பாகம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். பதிவாகும், ஆனால் தனிப் பட்டா உட்பிரிவு ஆகாது. உங்கள் பாகம் எந்த மூலையில் என்று யாருக்கும் தெரியாது.

விலை எப்போது ஏறும் என்று கேட்டீர்கள். பொதுவாக அறிவிப்பு வந்தவுடன் ஒரு ஏற்றம். அளவுக்கல் நடும்போது இன்னொன்று. பிறகு கையகப்படுத்தல் வழக்கு, பணி தாமதம் என்று வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். திறப்பு விழாவை ஒட்டி ஒரு ஏற்றம். இரண்டாவது ஏற்றத்தில் வாங்கியவர்தான் அதிகம் காத்திருக்கிறார், வட்டியும் கட்டுகிறார்.

சில்வர்_ஓக்

மேலே ரெண்டு பேரும் சொன்னதோட ஒரு சின்ன கருத்து வேறுபாடு. மலை மேல விலை ஏறவே ஏறாதுன்னு எடுத்துக்கக் கூடாது. நேரம் குறைஞ்சதால ஏறலை, ஆள் கூடினதால ஏறுது. வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு திரும்பலாம்னு ஒரு பெங்களூர்க் குடும்பத்துக்குத் தோணினாலே வாங்கற ஆள் கூடிடறாங்க.

ஆனா அவங்க வாங்கறது 62 செண்ட் தேயிலைச் சரிவு இல்லை. முதல்ல "கார் வாசல் வரைக்கும் வருமா"ன்னு கேட்பாங்க. அப்புறம் அங்கீகாரம் வாங்கின பிளான் இருக்கா, கரண்ட் இருக்கா, தண்ணி எங்கிருந்துன்னு கேட்பாங்க. நீலகிரியில கலெக்டர் அனுமதி இல்லாம ஜேசிபி, பொக்லைன் இறக்க முடியாது. போர் போடவும் அனுமதி வேணும். கைவேலையாத் தளம் சமன் பண்ணித் தடுப்புச் சுவர் எழுப்பற செலவு, கட்டடச் செலவோட போட்டி போடும். அதனால வாங்கறவன் செண்டுக்குச் சொல்ற விலையில இதையெல்லாம் மனசுக்குள்ள கழிச்சுட்டுத்தான் சொல்வான்.

சரிவையும் நீங்களே பாருங்க. சில்வர் ஓக் அடிமரம் கீழ்ப்பக்கம் வளைஞ்சு மேலே நிமிர்ந்திருந்தா மண் மெல்ல நகருதுன்னு அர்த்தம். மழை விட்டு நாலு நாள் ஆகியும் வரப்புல ஊத்து கசிஞ்சா அங்கே வீடு வேண்டாம். ரோடு அகலப்படுத்த மேட்டை வெட்டினா, வெட்டுக்கு மேலே இருக்கற நிலம் பிடிமானம் இழக்கும். 2009 நவம்பர் மழையில எங்கெங்கே சரிஞ்சதுன்னு ஊர்ல பெரியவங்க யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. புது ரோட்டால மலை நிலத்துக்கு நஷ்டமும் உண்டு, அதை யாரும் நோட்டீஸ்ல போடறதில்லை.

கீழே மேட்டுப்பாளையம், காரமடைல ரோட்டோரக் கடை வாங்கச் சொன்னா யோசிங்க. எக்ஸ்பிரஸ்வே வந்தப்புறம் சென்னபட்டணா பொம்மைக் கடையும் மத்தூர் வடைக் கடையும் வியாபாரம் படுத்துப்போச்சுன்னு அங்கே புலம்பல் கேட்டதுதான். வண்டி ஊரைச் சுத்திப் போனா ரோட்டோரக் கடை இறங்கும், ஊருக்குள்ள குடியிருப்பு ஏறும்.

கட்டபெட்டு_வாசி

எல்லாருக்கும் நன்றி. கூடலூரை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் நிலத்தின் ஒரு ஓரம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. நாளைக்கு அகலப்படுத்த எடுத்தால் என்ன கிடைக்கும்? இன்னொன்று, வாங்க வந்தவர் பத்து சதவீதம் முன்பணம் தந்து 11 மாத அக்ரிமென்ட் கேட்கிறார், கூடவே பவரும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கிரயம்_பார்ப்பவர்

பவர் கொடுக்காதீர்கள். காரணம் கீழே.

முதலில் கையகப்படுத்தல். மாநிலச் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். 15(2)-இல் ஆட்சேபம் கேட்டு நோட்டீஸ் வரும், 15(1)-இல் அரசிதழ் அறிவிப்பு வந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டத்தின் 3-ஏ அறிவிப்பு, அதாவது நிலம் எடுக்கும் உத்தேசத்தைச் சொல்வது. 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும். ஒரு வருடத்துக்குள் நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3-டி அறிவிப்பு வராவிட்டால் 3-ஏ காலாவதி. அறிவிப்பில் பார்க்க வேண்டியது சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு. பட்டாவில் உட்பிரிவு ஒன்றாகவும் எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தில் வேறாகவும் இருந்தால் பணம் கோர்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். அதை இப்போதே தாலுகா அலுவலகத்தில் சரிசெய்யுங்கள்.

இழப்பீட்டுக்கு அடிப்படை சந்தை மதிப்பு. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டு கிரயங்களில் அதிக விலைக்குப் பதிவான பாதியின் சராசரி மறுபக்கம். எது அதிகமோ அதை எடுப்பார்கள். அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. நம் ஊரில் எல்லாரும் முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்புக்கே பதிந்துவிட்டுப் பாக்கியை ரொக்கமாக வாங்குகிறோம். ஊரே அப்படிப் பதிந்தால் சராசரியும் அதே அடிமட்டத்தில்தான் நிற்கும், ரோடு வரும்போது ஊருக்கே நஷ்டம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குகிறவர் செலவு. உண்மை விலைக்கே பதியச் சொல்லுங்கள்.

வரி: கோத்தகிரி எல்லைக்குள்ளோ, எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கி.மீ.க்குள்ளோ உங்கள் நிலம் இருந்தால் விவசாய நிலமானாலும் மூலதன ஆதாய வரி உண்டு. வெளியே இருந்தால் கிடையாது. கட்டபெட்டிலிருந்து உள்ளே என்கிறீர்கள், எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஆடிட்டரிடம் வரைபடத்தோடு போங்கள்.

அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தம் பதிவு செய்தே ஆக வேண்டும். 11 மாதம் என்பது வாடகை அக்ரிமென்ட்டைப் பார்த்துச் சொல்லும் கணக்கு, இங்கே அதற்கு அர்த்தமில்லை. மூன்று மாதம் போதும். பத்து சதவீதத்தில் 11 மாதம் கொடுத்தால், உங்கள் பெயரில் நிலம் இருக்கும்போதே அவர் அதைத் துண்டு போட்டு ஆள் தேடுவார். ரோடு செய்தி நல்லபடியாக வந்தால் கிரயம் முடிப்பார், வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். விலை ஏறினால் அவருக்கு, இறங்கினால் உங்களுக்கு. பவரும் சேர்த்துக் கொடுத்தால் உங்களைக் கேட்காமலே கிரயம் எழுதலாம்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: முழுத் தொகை வரும்வரை சுவாதீனம் உங்களிடம், தேயிலை பறிப்பும் உங்களுடையது, ஒரு செடிகூடப் பிடுங்கக் கூடாது. மனை பிரித்து விளம்பரம் செய்யக் கூடாது. கெடு தாண்டினால் முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்று எண்ணாலும் எழுத்தாலும். பக்கத்துத் தோட்டத்துக்கு உங்கள் நிலம் வழியாக வண்டிப் பாதை பாத்தியம் இருந்தால் அதையும் அகல அளவோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் கிரயத்தன்று அதைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். கெடு முடிந்து அவர் வராமல் போனால் ரத்துப் பத்திரமும் இருவரும் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும். வாய்வார்த்தையில் விட்டால், அடுத்து வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்று எடுக்கும்போது பழைய ஒப்பந்தம் அப்படியே உயிரோடு நிற்கும்.